டயாலிசிஸில் இருக்கும் அம்மாவுக்கு முழங்கால் மூட்டு மாற்று: கிருஷ்ணகிரியில் பதினோரு நாள்

தருமபுரியில் டயாலிசிஸ் பிரிவுக்கு வெளியே உறவினர்கள் காத்திருக்கும் நாற்காலி வரிசையில், கடந்த ஓராண்டாக என்னிடம் பலரும் கேட்டது ஒரே கேள்விதான்: "உங்க அம்மாவுக்கு முட்டி ஆபரேஷன் எங்க பண்ணுனீங்க, இப்ப நல்லா நடக்கிறாங்களா?" ஒவ்வொருவருக்கும் துண்டு துண்டாகச் சொன்னதை ஒரே இடத்தில் முழுமையாக எழுதிவிட வேண்டும் என்று தோன்றியதால் இந்த மதிப்புரை. கிருஷ்ணகிரி நகரில் நாங்கள் சிகிச்சை பெற்ற தனியார் மருத்துவமனையின் பெயரை நான் எழுதப்போவதில்லை. அங்கே நடந்த நல்லதையும் தவறையும் ஒளிக்காமல் சொல்லப்போகிறேன். பெயர் இல்லாவிட்டாலும், எந்த மருத்துவமனையில் எதைக் கேட்க வேண்டும், எதைக் கவனிக்க வேண்டும் என்பது படிப்பவர்களுக்குத் தெளிவாகக் கிடைக்கும்.

அம்மாவுக்கு வயது 63. சொந்த ஊர் பென்னாகரம் பக்கத்தில் ஒரு சிற்றூர். சர்க்கரையும் இரத்த அழுத்தமும் சேர்ந்து சிறுநீரகங்களைக் கெடுத்துவிட்டன. ஏழு ஆண்டுகளாகத் திங்கள், புதன், வெள்ளி என வாரம் மூன்று முறை, ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். இரண்டு முழங்கால்களும் தேய்ந்து, வலது கால் உள்பக்கம் வளைந்து, கடைசி இரண்டு ஆண்டுகளில் படுக்கையிலிருந்து கழிவறைக்குச் செல்வதற்கே ஆள் துணை வேண்டும் என்ற நிலை வந்தது. மற்றவர்களுக்கு முழங்கால் வலி வந்தால் வலி மாத்திரை போட்டுக்கொண்டு நாளைக் கடத்தலாம். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு அந்த வழியும் இல்லை. டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகள், சிலருக்கு மிச்சமிருக்கும் கொஞ்ச நஞ்சச் சிறுநீரையும் நிறுத்திவிடக்கூடியவை, குடலில் இரத்தக்கசிவையும் ஏற்படுத்தக்கூடியவை என்பதால், பாராசிட்டமாலும் வெந்நீர் ஒத்தடமும்தான் அம்மாவுக்கு மருந்தாக இருந்தன.

முதலில் நாங்கள் சென்று பார்த்த வேறொரு மருத்துவமனையில், எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்த ஐந்தாவது நிமிடத்திலேயே இரண்டு முழங்கால்களையும் ஒரே தடவையில் மாற்றிவிடலாம் என்றார்கள். டயாலிசிஸ் எங்கே செய்வீர்கள் என்று கேட்டதற்கு, அந்த நாட்களில் ஆம்புலன்ஸ் வைத்து வெளியே அனுப்பிக் கூட்டிக்கொண்டு வருவோம் என்று பதில் வந்தது. புதிதாகத் தைத்த காலுடன், தடுமாறும் இரத்த அழுத்தத்துடன், வாரத்துக்கு மூன்று முறை ஒரு வண்டியில் ஏற்றி இறக்குவதை அவர்கள் ஒரு சாதாரண ஏற்பாடாகச் சொன்னது எனக்கு அச்சமாக இருந்தது. அன்றே திரும்பிவிட்டோம்.

கிருஷ்ணகிரி மருத்துவமனையைத் தேர்ந்தெடுத்ததற்கு முதல் காரணம், ஆர்த்தோ வார்டு இருக்கும் கட்டடத்திலேயே, அதற்கு ஒரு மாடி கீழே டயாலிசிஸ் இயந்திரங்கள் இருந்ததுதான். இரண்டாவது காரணம், அங்குள்ள எலும்பு மருத்துவர் படத்தைப் பார்ப்பதற்கு முன்பே அம்மாவிடம் கேட்ட முதல் கேள்வி: "எந்த ஊரும்மா நீங்க? சின்ன வயசுல குடிச்சது போர் தண்ணியா, கிணத்துத் தண்ணியா?"

நம் மாவட்டங்களில் வளர்ந்தவர்களுக்கு அந்தக் கேள்வியின் பொருள் உடனே புரியும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் பல இடங்களில் ஃபுளோரைடு அதிகம். குடிநீரில் லிட்டருக்கு 1.5 மில்லிகிராமைத் தாண்டக்கூடாது என்ற வரம்பை மீறிய நீரைத்தான் இரண்டு மூன்று தலைமுறைகள் குடித்தன. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் நடைமுறைக்கு வந்த பிறகுதான் பல ஊர்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. அம்மாவின் பற்களில் இருக்கும் பழுப்புக் கோடுகள் அந்தப் பழைய தண்ணீரின் அடையாளம். பற்களில் தெரிவது வெளி அடையாளம் மட்டுமே. எலும்புகளிலும் அதே ஃபுளோரைடு படிந்து, அவற்றை அடர்த்தியாக்கி, மூட்டைச் சுற்றியுள்ள தசைநார்களைச் சுண்ணாம்பாக இறுகச் செய்துவிடுகிறது. உடலில் சேரும் ஃபுளோரைடைப் பெரும்பாலும் வெளியேற்றுவது சிறுநீரகம் என்பதால், சிறுநீரகம் செயலிழந்தவர்களிடம் அது மேலும் தங்கிவிடுகிறது.

மருத்துவர் அந்தப் படத்தை எங்களுக்குப் பொறுமையாக விளக்கினார். ஃபுளோரைடால் இறுகிய எலும்பு ஒருபுறம். நீண்ட நாள் டயாலிசிஸால் பாஸ்பரஸ் ஏறி, பாராதைராய்டு சுரப்பி அளவுக்கு மீறி வேலை செய்து, எலும்பிலிருந்து சுண்ணாம்பை உறிஞ்சி வலுவிழக்கச் செய்வது மறுபுறம். ஒரே காலில் ஓரிடம் பாறை போலவும் மற்றோரிடம் உளுத்துப்போனதாகவும் இருக்கலாம் என்றார். இறுகிய இடத்தில் அறுக்கும்போது எலும்பு சூடேறாமல் உப்பு நீர் விட்டுக்கொண்டே அறுக்க வேண்டும். எலும்புச் சிமெண்ட் உள்ளே இறங்கிப் பிடிப்பதற்காகச் சிறு சிறு துளைகள் இட வேண்டும். அதனால் நேரம் கூடும் என்பதையும் முன்கூட்டியே சொன்னார். டயாலிசிஸில் இருப்பவர்களுக்கு மூட்டில் தொற்று ஏற்படுவது, புதிய மூட்டு நாளடைவில் தளர்வது, இதயச் சிக்கல், உயிரிழப்பு ஆகிய எல்லாமே மற்றவர்களைவிட அதிகம் என்பதை மறைக்காமல் சொன்னவர் அவர்தான். "பண்ணிக்கோங்கன்னு நான் சொல்ல மாட்டேன். என்னென்ன ஆகலாம்னு சொல்லிட்டேன், நீங்க குடும்பத்தோட பேசிட்டு வாங்க" என்று அனுப்பிவைத்தார். அவருடைய கைத்திறனைவிட, அன்றைக்கு அவர் ஒதுக்கிய நாற்பது நிமிடங்களுக்கு நான் அதிக மதிப்புக் கொடுக்கிறேன்.

முடிவெடுத்த பிறகு அறுவை சிகிச்சைக்கு உடனே தேதி தரவில்லை. இரண்டரை மாதம் காத்திருக்கச் சொன்னார்கள். அப்போது அது எங்களுக்கு எரிச்சலாக இருந்தது. முழங்காலில் வலிக்காக ஏற்கனவே ஸ்டீராய்டு ஊசி போட்டிருந்தோம். அப்படிப் போட்ட மூன்று மாதத்துக்குள் மூட்டு மாற்றினால் தொற்று அபாயம் கூடும் என்பது முதல் காரணம். அம்மாவின் ஹீமோகுளோபின் 8.6 ஆக இருந்தது அடுத்த காரணம். அறுவை சிகிச்சையன்று இரத்தம் ஏற்றிச் சமாளித்துவிடலாம் என்று பலர் நினைப்பார்கள். சிறுநீரக மருத்துவர் அதை ஏற்கவில்லை. இரத்த அணுக்கள் உருவாகத் தூண்டும் எரித்ரோபொய்டின் ஊசியையும் டயாலிசிஸின்போது இரும்புச் சத்து ஊசியையும் முறைப்படுத்தி, மெதுவாக 10.7 வரை கொண்டுவந்தார். சிறுநீரக மாற்றுக்காகக் காத்திருப்பவர்கள் இதை இன்னும் கவனமாகக் கேட்டுக்கொள்ள வேண்டும்: பிறருடைய இரத்தம் ஏற ஏற உடலில் எதிர்ப்பொருள்கள் உருவாகி, பிற்பாடு பொருத்தமான சிறுநீரகம் கிடைப்பதே கடினமாகிவிடும். மாற்றுச் சிறுநீரகத்துக்கு வாய்ப்புள்ளவர்களுக்கு, முதலில் அதை முடித்துவிட்டுப் பிறகு முழங்காலைப் பார்க்கலாமா என்ற கேள்வியும் உண்டு. அம்மாவின் இதய நிலை காரணமாக அந்த வாய்ப்பு எங்களுக்கு இல்லை.

இந்த இரண்டரை மாதத்தில் பல் மருத்துவரிடம் காட்டி, சொத்தைப் பல் ஒன்றைப் பிடுங்கினோம். அறுவை சிகிச்சைக்கு முந்தைய ஐந்து நாட்கள் மூக்கினுள் மியூபிரோசின் களிம்பு தடவி, கிருமிநாசினித் திரவத்தால் குளிக்கச் சொன்னார்கள். வாரம் மூன்று முறை ஊசி குத்திக்கொள்ளும் உடலில், தோலிலும் மூக்கிலும் தங்கும் கிருமி இரத்தத்தின் வழியாகப் புதிய மூட்டில் போய் உட்கார்ந்துவிடலாம் என்பதுதான் அதற்குக் காரணம். அம்மாவுக்குக் கையில் ஃபிஸ்டுலா, அதாவது டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்து உண்டாக்கும் இரத்தக்குழாய் வழி, இருந்தது நல்லதாயிற்று. கழுத்தில் குழாய் வைத்து டயாலிசிஸ் செய்துகொள்பவர்களுக்கு அந்தக் குழாயே தொற்றுக்கு வாசலாகிவிடுவதால், முதலில் ஃபிஸ்டுலா போட்டு அது பழுத்த பிறகு வாருங்கள் என்று திருப்பி அனுப்புவதாக அங்கிருந்த டெக்னீஷியன் சொன்னார்.

அறுவை சிகிச்சைக்கு மருத்துவமனை அலுவலகம் முதலில் கொடுத்த தேதி ஒரு திங்கட்கிழமை காலை. வெள்ளிக்கிழமை டயாலிசிஸ் முடிந்து சனி, ஞாயிறு இரண்டு நாள் இடைவெளிக்குப் பிறகு வரும் திங்கள் காலையில்தான் உடலில் தண்ணீரும் பொட்டாசியமும் உச்சத்தில் இருக்கும். பொட்டாசியம் ஏறிய நிலையில் மயக்க மருந்து கொடுப்பது இதயத்துக்கு ஆபத்து. சிறுநீரக மருத்துவர் அந்தத் தேதியைத் தம் கையாலேயே அடித்துவிட்டு, திங்கள் டயாலிசிஸ், செவ்வாய் காலை அறுவை சிகிச்சை, புதன் மீண்டும் டயாலிசிஸ் என்று எழுதிக்கொடுத்தார். என்னைப் பொறுத்தவரை இந்தப் பதினோரு நாளில் நடந்த மிக முக்கியமான காரியம் அந்த ஒரு வரிதான். கத்தி பிடிப்பவரும் டயாலிசிஸ் பார்ப்பவரும் ஒருவரோடொருவர் பேசிக்கொள்கிறார்களா என்பதை அதிலிருந்தே தெரிந்துகொள்ளலாம். நீங்கள் எந்த மருத்துவமனைக்குச் சென்றாலும் தேதியை முடிவு செய்தவர் யார் என்று கேளுங்கள்.

ஞாயிறு மாலை சேர்ந்தோம். திங்கட்கிழமை டயாலிசிஸை ஹெப்பாரின் இல்லாமல் செய்தார்கள். இரத்தம் உறையாமல் இருப்பதற்காக வழக்கமாகச் சேர்க்கும் அந்த மருந்தை நிறுத்திவிட்டால் ஃபில்டரில் இரத்தம் கட்டிக்கொள்ளும். அதைத் தடுக்க அரை மணிக்கு ஒருமுறை உப்பு நீர் விட்டுக் கழுவிக்கொண்டே இருக்க வேண்டும். நான்கு மணி நேரமும் டயாலிசிஸ் டெக்னீஷியனான ஓர் இளைஞர் இயந்திரத்தை விட்டு நகரவில்லை. புதன்கிழமையும் அவரே வந்து அதே பொறுமையுடன் செய்தார். மதிப்புரைகளில் மருத்துவர்களின் பெயர்தான் வரும். இத்தகைய டெக்னீஷியன்களின் உழைப்பு யார் கண்ணிலும் படுவதில்லை என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை காலை மறுபடியும் பொட்டாசியம் பார்த்தார்கள், 4.6 என்று இயல்பான அளவில் இருந்தது. முதுகுத் தண்டில் ஊசி போட்டு மரத்துப்போகச் செய்து, தொடையின் உட்புறத்தில் நரம்பைச் சுற்றியும் மரப்பு மருந்து செலுத்தினார்கள். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய முதல் நாள் முழுவதும் வலி அடங்கியிருந்ததற்கு அந்த இரண்டாவது ஊசியே காரணம்; அதனால் மார்ஃபின் தேவைப்படவில்லை. மார்ஃபின் உடலில் சிதைந்து உண்டாகும் பொருளும் வீரியம் உள்ளது, அது சிறுநீரகம் வழியாகத்தான் வெளியேற வேண்டும். அந்த வழி அடைபட்டவர்களுக்கு மூச்சே மந்தமாகிவிடலாம் என்று மயக்க மருத்துவர் விளக்கினார். வலது முழங்காலுக்கு மட்டும் செய்த அறுவை சிகிச்சை இரண்டேகால் மணி நேரம் நடந்தது. இரத்தம் ஏற்ற வேண்டிய தேவை வரவில்லை.

இதுவரை நான் எழுதியதற்கெல்லாம் முழு மதிப்பெண் கொடுப்பேன். குறை முழுவதும் வார்டில்.

அம்மா வார்டுக்கு வந்த ஒரு மணி நேரத்துக்குள், பணி மாறி வந்த செவிலியர் ஒருவர் இரத்த அழுத்தப் பட்டையை ஃபிஸ்டுலா உள்ள இடது கையில் சுற்றத் தொடங்கினார். நான் பக்கத்தில் இருந்ததால் தடுத்துவிட்டேன். அந்தக் கையில் அழுத்தம் பார்ப்பதோ, இரத்தம் எடுப்பதோ, டிரிப்ஸ் போடுவதோ கூடாது; ஃபிஸ்டுலா ஒருமுறை அடைத்துக்கொண்டால் மறுபடி ஒன்று போட்டு, அது பழுப்பதற்கு வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும். கட்டிலின் தலைமாட்டில் ஓர் அட்டைகூட மாட்டியிருக்கவில்லை. நானே ஒரு தாளில் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டினேன். அடுத்ததாக, வழக்கமான நடைமுறை என்று சொல்லிச் சிறுநீர்க் குழாய் போட வந்தார்கள். நான்கு ஆண்டுகளாகச் சிறுநீரே பிரியாத ஒருவருக்கு அந்தக் குழாயால் ஒரு பயனும் இல்லை, தொற்றுக்கு இன்னொரு வழி மட்டும் திறக்கும். அதையும் மறுத்தோம்.

இவற்றைவிடப் பெரியது மாத்திரைப் பட்டியலில் நேர்ந்தது. மூட்டு மாற்றிய எல்லோருக்கும் கொடுக்கும் அச்சடித்த பட்டியல் ஒன்று அந்த வார்டில் உண்டு. இரத்தக்கட்டைத் தடுக்க அதில் இருந்த எனாக்ஸாபாரின் ஊசி சிறுநீரகம் வேலை செய்யாதவர்களுக்கு உடலில் தேங்கி இரத்தக்கசிவில் கொண்டுவிடும் என்பதால், சிறுநீரக மருத்துவர் அதை அடித்துவிட்டுச் சாதாரண ஹெப்பாரினைக் குறைந்த அளவில் எழுதியிருந்தார். ஆனால் நரம்பு வலிக்கான பிரீகாபலின் 75 மில்லிகிராம் காலையும் இரவும் என்று இருந்த வரி யார் கண்ணுக்கும் தப்பி அப்படியே நின்றுவிட்டது. அதுவும் சிறுநீரகம் வழியாக மட்டுமே வெளியேறும் மருந்து. வியாழக்கிழமை மாலை அம்மா கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. கைகள் இடையிடையே வெட்டி வெட்டி இழுத்தன. ஆபரேஷன் களைப்பு என்றார் பணியிலிருந்த இளம் மருத்துவர். பக்கவாதமோ என்று நாங்கள் நடுங்கிப்போனோம். இரவு ஒன்பது மணிக்குச் சிறுநீரக மருத்துவர் வந்து, பட்டியலைப் பார்த்த மாத்திரத்தில் காரணத்தைக் கண்டுபிடித்து மருந்தை நிறுத்தினார். அந்த மருந்து டயாலிசிஸில் வெளியேறிவிடும் என்பதால் வெள்ளிக்கிழமை முதல் ஷிப்டிலேயே அம்மாவைக் கீழே கொண்டுசென்றார்கள். மூன்றாவது மணி நேரத்தில் அம்மா கண் திறந்து, "எனக்குப் பசிக்குதுடா" என்றார்.

எலும்பு மருத்துவர் அன்று மாலையே வந்து, தவறு தங்களுடையதுதான் என்று எங்களிடம் நேராக ஒப்புக்கொண்டார். அதை நான் மதிக்கிறேன். ஆயினும் வருத்தம் ஆறவில்லை. சேர்க்கை அட்டையின் முதல் பக்கத்திலேயே டயாலிசிஸ் நோயாளி என்று சிவப்பில் எழுதியிருந்த ஒருவருக்கு அச்சடித்த பட்டியலை அப்படியே கொடுத்தது எந்த விளக்கத்தாலும் சரியாகாது. வீட்டில் யாரும் படித்தவர் இல்லாமல், கூட இருக்கவும் ஆளில்லாமல் வரும் ஒரு நோயாளிக்கு இதே நடந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்ற நினைப்பு இன்றும் என்னை விட்டுப் போகவில்லை.

கேண்டீனைப் பற்றியும் சொல்ல வேண்டும். மூன்றாம் நாள் தட்டில் சாத்துக்குடிச் சாறும் இளநீரும் வந்தன. பார்க்க வந்த உறவினர்களும் இளநீர்க் குலையோடுதான் வந்தார்கள். பொட்டாசியம் நிறைந்த இளநீர் டயாலிசிஸ் நோயாளிக்கு உயிராபத்தானது என்பதைப் பெரியம்மாவிடம் சொல்லிப் புரியவைப்பது எங்கள் வேலையாக இருக்கலாம். மருத்துவமனையின் சமையலறைக்கும் அதை நாங்களே சொல்ல வேண்டியிருந்தது.

பிசியோதெரபி நன்றாக இருந்தது. அறுவை சிகிச்சைக்கு மறுநாள் காலையிலேயே வாக்கரைப் பிடித்து நான்கு அடி நடக்கவைத்தார்கள். டயாலிசிஸ் முடிந்து சோர்ந்திருக்கும் நேரத்தில் பயிற்சி வேண்டாம், இரத்த அழுத்தம் இறங்கிக் கீழே விழ நேரலாம் என்று சொல்லி, கடினமான பயிற்சிகளை இடைப்பட்ட நாட்களுக்கு மாற்றினார்கள். டயாலிசிஸ் கட்டிலில் நான்கு மணி நேரம் படுத்திருக்கும்போது முழங்காலுக்கு அடியில் தலையணை வைக்கக்கூடாது, கணுக்காலுக்கு அடியில்தான் வைக்க வேண்டும், இல்லாவிட்டால் மூட்டு மடங்கிய நிலையிலேயே இறுகிவிடும் என்று பிசியோதெரபி கொடுத்த பெண் சொல்லிக்கொடுத்தது வீட்டுக்கு வந்த பிறகும் மிகவும் உதவியது.

செலவு. மொத்தம் 2,38,000 ரூபாய் ஆயிற்று. ஐந்து டயாலிசிஸும் இதில் அடக்கம். மூட்டுக் கருவியின் விலையைப் பில்லில் தனி வரியாகக் காட்டி, அதன் உறையிலிருந்த ஸ்டிக்கரையும் ஒட்டிக்கொடுத்தார்கள். தேசிய மருந்து விலை நிர்ணய ஆணையம் 2017 ஆகஸ்டில் முழங்கால் மூட்டுக் கருவிகளுக்கு விலை உச்சவரம்பு கொண்டுவந்தது. அப்போது கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாயும், டைட்டானியம் போன்ற சிறப்பு உலோக வகைக்கு 76,600 ரூபாயும் வரி நீங்கலாக நிர்ணயித்தார்கள். ஆகவே "இம்போர்ட்டட் மூட்டு" என்று சொல்லி யாராவது லட்சக்கணக்கில் கேட்டால், நடப்பு வரம்பு என்ன என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். எங்களிடம் அப்படி எதுவும் கேட்கவில்லை. ஆனால் சேரும்போது சொன்ன தொகையைவிட 31,000 ரூபாய் கூடியது. மருந்து மிகைப்பட்டதால் அதிகமான இரண்டு நாட்களின் அறை வாடகையும் அதில் சேர்ந்திருந்தது. நாங்கள் எடுத்துச் சொன்ன பிறகே அதைக் கழித்தார்கள்.

பதினோராம் நாள், புதன்கிழமை, டயாலிசிஸை முடித்துக்கொண்டு நேராக ஊருக்குப் புறப்பட்டோம். டயாலிசிஸ் நோயாளிகளுக்குப் புண் ஆறுவது மெதுவாகும் என்பதால் தையலைப் பதினான்காம் நாள் எடுக்காமல் இருபதாம் நாள்தான் எடுத்தார்கள். 2021 ஆகஸ்ட் 5ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தின் கீழ், ஊரில் பிசியோதெரபி கொடுப்பவர் வீட்டுக்கே வந்து பயிற்சி கொடுத்தார். இலவசமாகக் கிடைக்கும் இந்த உதவி இருப்பதே தெரியாமல் பலர் காரை வாடகைக்கு எடுத்துக்கொண்டு நகரத்துக்கு அலைகிறார்கள். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேளுங்கள்.

ஓராண்டு ஆகிறது. வலது முழங்கால் நூறு டிகிரிக்குச் சற்று மேலே மடங்குகிறது. எலும்பு மருத்துவர் முன்பே எச்சரித்தபடி, இறுகிய தசைநார்களால் அதற்கு மேல் வரவில்லை. தரையில் உட்கார முடியாது. கழிவறையை மேற்கத்திய முறைக்கு மாற்றிவிட்டோம். டயாலிசிஸ் பிரிவின் படிகளைக் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தாமாகவே ஏறுகிறார். இரவில் வலியால் விழித்து என்னை எழுப்புவது நின்றுவிட்டது.

இடது காலுக்கும் செய்துகொள்ள வேண்டும் என்று இப்போது அம்மாவே கேட்கிறார். பாராதைராய்டு அளவு இன்னும் இறங்க வேண்டும் என்று சிறுநீரக மருத்துவர் நிறுத்தி வைத்திருக்கிறார். இறங்கிய பிறகு அதே மருத்துவமனைக்குத்தான் செல்வோம். ஆனால் இந்த முறை, கொடுக்கக்கூடாத மருந்துகளின் பட்டியலைச் சிறுநீரக மருத்துவரின் கையெழுத்துடன் மூன்று பிரதிகள் வாங்கி, ஒன்றைக் கட்டிலின் தலைமாட்டிலும், ஒன்றை செவிலியர் மேசையிலும் ஒட்டிவிட்டு, மூன்றாவதை என் சட்டைப் பையில் வைத்துக்கொண்ட பிறகுதான் சேர்க்கைத் தாளில் கையெழுத்துப் போடுவேன்.